உதிராத நெல்

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால், பண்ணவாடிப் பக்கம் நீருக்கடியில் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியத் தொடங்கும். 1934இல் அணை நிரம்பியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அவை. சுற்றுலா வருபவர்களுக்கு அது வேடிக்கை. எங்களுக்கு அந்தப் படம் செய்தித்தாளில் வந்தாலே வயிறு கலங்கும். ஜூன் 12 அன்று தண்ணீர் திறக்க மாட்டார்கள், குறுவை இல்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு முறை கூடும் வாசிப்பு வட்டத்தில் இந்த நந்தியைப் பற்றிய பேச்சோடுதான் அன்றைய கூட்டம் தொடங்கியது. பேச எடுத்துக்கொண்டிருந்த பொருள் வேறு. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த மனிதர்கள் எப்படி உழவுக்கு வந்தார்கள், ஏன் வந்தார்கள்? நந்தி உள்ளே நுழைந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1989இல் இஸ்ரேலில் உள்ள கலிலேயாக் கடலில் நீர்மட்டம் வெகுவாக இறங்கியது. பெயரில்தான் கடல், உண்மையில் நன்னீர் ஏரி. வெளியே வந்த சேற்றில் ஆறு குடில்களின் அடித்தளங்கள் இருந்தன. ஒஹாலோ என்று இன்று அழைக்கப்படும் அந்த இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கருகிப்போய், பிறகு நீருக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால், அவர்கள் தின்ற விதைகள் அப்படியே மிஞ்சியிருந்தன. 140க்கும் மேற்பட்ட தாவர வகைகள். அவற்றில் காட்டு வாற்கோதுமையும் காட்டுக் கோதுமையும் உண்டு. மாவு அரைத்த கல்லும் கிடைத்தது.

உழவு வேரூன்றுவதற்குப் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தானியத்தை அறிந்தவர்கள், அரைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஜோர்டானில் ஷுபைக்கா என்ற இடத்தில் 14,400 ஆண்டுகளுக்கு முன் சுட்ட ரொட்டியின் கருகல் கிடைத்திருக்கிறது. அதைச் சுட்டவர்களும் விதைத்தவர்கள் அல்லர். நம் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொடுத்த கதை, ஒரு நாள் யாரோ விதையைக் கீழே போட்டார்கள், முளைத்தது, வியந்தார்கள், விவசாயம் பிறந்தது என்பது. காட்டிலேயே பிறந்து காட்டிலேயே தின்று வளர்ந்தவர்களுக்கு விதை முளைக்கும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? அறிவு முன்பே இருந்தது. வராமல் இருந்தது வேறு ஏதோ. அது என்ன என்பதில்தான் அன்று எங்களுக்குள் சண்டை.

நெல்லிலிருந்து தொடங்கினால் இது எளிதாகப் புரியும். காட்டு நெல் முற்றியதும் தானாகவே உதிர்ந்துவிடும். ஒரே நாளில் எல்லாமும் அல்ல. இன்று பத்து மணி, நாளை இருபது மணி என்று கதிர் காலியாகும். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் நல்ல பயிர், தன்னைத் தானே விதைத்துக்கொள்கிறது. எப்போதோ சில செடிகளில் ஒரு பிழை நேர்கிறது. மணி காம்பை விடுவதில்லை. எஸ்எச்4 என்று பெயரிட்டிருக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் உதிரும் தன்மை பெருமளவு குறைந்துவிடும் என்று 2006இல் கண்டறிந்தார்கள். காட்டில் அந்தச் செடிக்கு வாரிசு இருக்காது. மனிதன் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் ஒரு பங்கை மீண்டும் விதைத்தால் மட்டும் அந்தப் பிழை பெருகும். உதிர்ந்தது வயலில் கிடக்கும், உதிராதது அறுத்த கட்டோடு வீட்டுக்கு வரும், மறுபடி விதையாகும்.

எங்கள் வட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். முப்பது ஆண்டுகள் நடவும் அறுவடையுமாக இருந்தவர், இப்போது சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறார். இந்த இடத்தில் அவர் சொன்னார்: “உதிர்கிற நெல்லுக்கு அரிவாள் எதற்கு? கூடையைக் கீழே பிடித்துக்கொண்டு கதிரைத் தட்டினால் போதும். நாங்கள் கட்டுக் கட்டிக் களத்தில் அடித்துச் சாகிறோமே, அதுவே உதிராததால்தான்.” அவர் சொன்னது சரியான இடத்தைத் தொடுகிறது. கூடை பிடித்துத் தட்டினால் உதிரும் வகைதான் கைக்கு வரும், உதிராத பிழை செடியிலேயே நின்றுபோகும். ஆகவே பல தலைமுறைகள் நெல்லைச் சேகரித்து உண்டாலும் நெல் மாறாமலே இருக்கலாம்.

ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொடர்ந்து அரிவாளால் அறுத்து விதைத்தால், இருபது முதல் இருநூறு ஆண்டுகளுக்குள் காட்டுக் கோதுமை வீட்டுக் கோதுமையாகிவிடும். மண்ணுக்குள் கிடைக்கும் சான்று அப்படிச் சொல்லவில்லை. சீனாவில் யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் தியான்லுவோஷான் என்ற தொல்லியல் இடம் இருக்கிறது. ஏறக்குறைய 6,900 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில், உதிராத நெல்லின் பங்கு 27 சதவீதம். முந்நூறு ஆண்டுகள் கழித்து 39 சதவீதம். அவ்வளவுதான். அதே காலத்தில், கிடைத்த தாவர எச்சங்களில் நெல்லின் பங்கு 8 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகிறது. மீதி? ஓக் மரக் கொட்டைகள், குளத்தில் விளையும் மக்கானா, நீர்க்கொட்டைகள். அதாவது நெல் விதைத்தார்கள், அதை நம்பி இருக்கவில்லை. முந்நூறு ஆண்டு என்பது பன்னிரண்டு தலைமுறை. அந்தப் பன்னிரண்டு தலைமுறையில் யாரும் தாங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருக்க வழியில்லை.

கார்டன் சைல்டு என்ற தொல்லியலாளர் 1930களில் இதற்குப் ‘புதிய கற்காலப் புரட்சி’ என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கம் முதல் முடிவு வரை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்த மாற்றத்தைப் புரட்சி என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு, அது டெல்டாவில் எல்லோருக்கும் அனுபவம். காட்டு விதைக்கு உறக்கம் உண்டு. ஈரம் பட்டவுடன் முளைத்துவிடாது. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். விதைத்தவுடன் ஒன்றுபோல முளைக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்ததில் அந்த உறக்கம் பெரும்பாலும் போய்விட்டது. விளைவு, தை மாதம் அறுவடைக்கு நிற்கும் சம்பாவில் பருவம் தப்பி மழை அடித்தால், சாய்ந்த கதிரிலேயே மணிகள் முளைவிடுகின்றன. வரப்பில் நின்று பார்த்தால் தங்க நிறத்தில் பச்சைப் புள்ளிகள். தூங்கத் தெரிந்த நெல்லுக்கு இந்தக் கதி வராது.

இனி ‘ஏன்’. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. பனியுகம் முடிந்து, 11,700 ஆண்டுகளுக்கு முன் தட்பவெப்பம் ஓரளவு நிலைபெற்றது. அதற்கு முன் ஒரு தலைமுறை பார்த்த பருவம் அடுத்த தலைமுறைக்கு இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் விதைப்பது சூதாட்டம். பிறகு மக்கள்தொகை கூடிக் காடு போதாமல் போனது என்பார்கள் சிலர். விருந்துக்கும் மதுவுக்கும் தானியம் தேவைப்பட்டது என்பார்கள் வேறு சிலர். துருக்கியில் கோபெக்லி தெபேயின் பிரம்மாண்டமான கல்தூண்களை ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியவர்கள் வேட்டைக்காரர்கள்தான். கோயில் எழுப்பக் கூடிய கூட்டத்துக்குச் சோறு போடவே தானியம் பெருகியது என்ற கருத்தைக் கேட்டதும், எங்கள் ஊர்க் கோயில் திருவிழா அன்னதானத்தை நடத்தும் ஒருவர் முகம் மலர்ந்தார். மேற்காசியாவில் கோதுமை, சீனத்தில் நெல், மெக்சிகோவில் மக்காச்சோளம், நியூகினியில் வாழையும் சேம்பும், ஆப்பிரிக்காவில் கம்பும் சோளமும் என ஒருவரை ஒருவர் அறியாமல் பல இடங்களில் இது நடந்திருக்கிறது. எல்லா இடத்துக்கும் ஒரே காரணம் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்று நினைக்கிறேன்.

அதைவிடச் சூடான கேள்வி: வந்ததால் நன்மையா? ரிச்சர்ட் லீ என்ற மானிடவியலாளர் 1960களில் போட்ஸ்வானாவின் கலஹாரிப் பகுதியில் வேட்டை-சேகரிப்பு மக்களோடு தங்கிக் கணக்கெடுத்தார். உணவு தேட வாரத்துக்கு இருபது மணி நேரம்கூட ஆகவில்லை. உலகில் இவ்வளவு மொங்கோங்கோ கொட்டை கிடக்கும்போது எதற்கு நட வேண்டும் என்று அங்கிருந்த ஒருவர் அவரைக் கேட்டாராம். கொட்டையை உடைப்பது, வறுப்பது, விறகு, தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்த்தால் 40 மணியைத் தாண்டும் என்று பிற்பாடு மறுப்பு வந்தது, நியாயமான மறுப்பு. ஆனாலும் 2019இல் பிலிப்பைன்ஸின் அக்தா மக்களிடம் எடுத்த கணக்கும் ஏறக்குறைய அதே திசையில்தான் போகிறது. காட்டை நம்பியவர்களுக்கு வாரம் 20 மணி நேர உழைப்பு, விவசாயத்தில் அதிகம் இறங்கியவர்களுக்கு 30. ஓய்வு குறைந்தது முக்கியமாகப் பெண்களுக்கு.

சிரியாவின் அபு ஹுரைராவில் இதை எலும்பிலேயே பார்க்கலாம். யூப்ரட்டீஸ் ஆற்றில் அணை கட்டி ஏரி மூடுவதற்கு முன், 1972-73இல் அவசர அவசரமாகத் தோண்டிய இடம் அது. ஆரம்ப கால உழவர்களின் எலும்புக்கூடுகளில், கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது, முழங்காலும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேதமடைந்திருந்தன. மண்டியிட்டு, விரல்களை மடக்கி ஊன்றி, அம்மிபோன்ற கல்லில் நாள் முழுவதும் முன்னும் பின்னும் தள்ளி அரைத்ததன் தடம். பெரும்பாலும் பெண்களின் எலும்புகள். இதைப் படித்துக் காட்டியபோது அக்கா தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நடவுக்குக் குனிந்தவர்களின் முதுகை ஐந்தாயிரம் ஆண்டு கழித்து யாராவது தோண்டி எடுத்தால் என்ன எழுதுவார்கள் என்று கேட்டார்.

இவ்வளவு பாடு என்றால் ஏன் திரும்பிப் போகவில்லை? போனவர்கள் உண்டு. பிரிட்டனில் 6,000 ஆண்டுகளுக்கு முன் கோதுமையும் வாற்கோதுமையும் வந்து, சில நூற்றாண்டுகள் கழித்து அவை குறைந்து, காட்டு ஹேசல் கொட்டை மறுபடி முக்கிய உணவானதற்குச் சான்று இருக்கிறது. பெரும்பாலோர் திரும்ப முடியாமல் போனதற்குக் குழந்தைகள் ஒரு காரணம். நடந்துகொண்டே இருக்கும் கூட்டத்தில் ஒரு தாய் ஒரே நேரத்தில் ஒரு குழந்தையைத்தான் சுமக்க முடியும். நீண்ட நாள் தாய்ப்பால் கொடுப்பாள். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே நான்கு ஆண்டு இடைவெளி விழும். ஓரிடத்தில் தங்கி, கஞ்சி காய்ச்சிக் கொடுக்க முடிந்தால் அந்த இடைவெளி சுருங்கும். இரண்டு தலைமுறை கழித்து ஊரில் இருக்கும் வாய்களுக்குக் காடு போதாது. யாரும் முடிவெடுக்காமலே கதவு சாத்திக்கொள்ளும்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் இந்த இடத்தில் திணைகளைக் கொண்டுவந்தார். குறிஞ்சியில் வேட்டை, முல்லையில் மேய்ச்சல், மருதத்தில் உழவு என்று சங்க இலக்கியத்திலேயே மனித வளர்ச்சியின் படிகள் இருக்கின்றன என்பது அவர் வாதம். மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டுகளில் இவை படிகளாக இல்லை, ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையையே எடுத்துக்கொள்வோம். வேலிக்கு ஆயிரம் கலம் விளையும் காவிரி நாடு என்று பெருமை பேசும் அதே பாட்டில், தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர்கள் அவற்றை மீன் நெய்க்கும் கள்ளுக்கும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். கரும்பும் அவலும் கொடுத்தவர்கள் மான் இறைச்சி வாங்கிப் போகிறார்கள். கிழங்கு அகழ்ந்தவர் உழவரின் முன்னோர் அல்லர், வாடிக்கையாளர்.

மண்ணும் அப்படித்தான் சொல்கிறது. கர்நாடக, ஆந்திரப் பகுதிகளில் 5,000 ஆண்டுகளுக்கு முன் மாடு மேய்த்தவர்கள் எரித்த சாணத்தால் உருவான சாம்பல் மேடுகள் இருக்கின்றன; அவர்கள் விளைவித்தவை சிறுதானியங்களும் கொள்ளும் பாசிப்பயறும். நம்முடையது என்று நாம் நெஞ்சு நிமிர்த்தும் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிறகு வந்து சேர்ந்தவை. நெல்லைப் பொறுத்தவரை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் கிமு 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் ஒரு கல்லறை ஜாடியில் கிடைத்த நெல்லுக்குக் கிமு 490 என்று காலம் கணித்தார்கள். டெல்டாவுக்குள் தேடினால், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன் கண்டியூரில் 2006இல் கிடைத்த மெருகேற்றிய கற்கோடரி இருக்கிறது. அதன் மேலுள்ள கீறல்கள் சிந்துவெளி எழுத்துதானா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. எனக்கு அந்தக் கல்லே போதுமான வியப்பு. மண்வெட்டி பட்டால் கல் தட்டாத வண்டல் பூமி இது. கோடரி எங்கிருந்தோ கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.

தமிழாசிரியர் விடவில்லை, பறம்பு மலைக்குப் போனார். மூவேந்தர் முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களுக்குச் சொன்னதாகப் புறநானூற்றில் வருவது: ‘உழவர் உழாதன நான்கு பயன் உடைத்தே.’ மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இவை இருக்கும்வரை பாரியைப் பட்டினி போட்டு வெல்ல முடியாது. இதில் அவரோடு முழுக்க உடன்படுகிறேன். அன்றைய கூட்டத்தில் எல்லாரும் சுற்றிச் சுற்றித் தொட்ட விஷயத்தைக் கபிலர் ஒரே வரியில் தொட்டுவிட்டார். நெல் வயலை முற்றுகையிடலாம். எந்த வாரம் முற்றும் என்று ஊருக்கே தெரியும். மண்ணுக்கு மேலே நிற்கும், ஒன்றாக விளையும், காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது, அளக்கலாம், வண்டியில் ஏற்றலாம். வள்ளிக்கிழங்கை அப்படிச் செய்ய முடியாது. வேண்டும்போது தோண்ட வேண்டும், தோண்டினால் நாள்பட வைத்திருக்க முடியாது. கிழங்கை நம்பிய நாடுகளில் பெரிய அரசுகள் அரிதாகவும், தானியத்தை நம்பிய நாடுகளில் அரசும் வரியும் பரவலாகவும் வந்ததற்கு இந்த வேறுபாட்டையே காரணமாகச் சொல்லும் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களிலிருந்து வர வேண்டிய நெல் கலக்கணக்கில் வெட்டப்பட்டிருக்கிறது. அளந்த மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான், நடராசரின் பெயர். நிலத்தை முந்திரி, கீழ் முந்திரி வரை பின்னமாக்கிக் கணக்கெழுதினார்கள். கீழ் முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்றை மறுபடி முந்நூற்றிருபதாக்கியது. இன்றும் கொள்முதல் நிலையத்தில் கருவியைக் குத்தி ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிவிடுகிறார்கள். சாலையோரம் தார்ப்பாயில் நெல்லைக் கிண்டிக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். காயாததைச் சேர்த்துவைக்க முடியாது என்பது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோயில் களஞ்சியத்தாருக்கும் தெரிந்திருக்கும்.

வராமல் இருந்த அந்த ‘வேறு ஏதோ’, நெல்லைச் சேர்த்துவைக்கும் பத்தாயம்தான் என்று எனக்குப் படுகிறது. விதைப்பதைவிடச் சேர்த்துவைப்பதே பெரிய மாற்றம். சேர்த்து வைத்ததும் அதற்குக் காவல் வேண்டும், கணக்கு வேண்டும், சாவி யாரிடம் என்ற கேள்வி வரும். உழவே இல்லாமல் இந்தக் கேள்வி எழுந்த ஊர்களும் உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீனை உலர்த்திச் சேமித்தவர்களிடையே தலைவர்களும் அடிமைகளும் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவி யாரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வுக்கான போராட்டத்தின் தொடர்ச்சி அது. அந்தக் கூலி நெல்லாக அளக்கப்பட்ட கூலி. கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நிலம் வைத்திருப்பவர்களும் கூலிக்குப் போனவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு பேச்சைத் திருப்பியது சாப்பாடு. உழவு வந்த பிறகு சேகரிப்பு போய்விட்டதா? தண்ணீர் வந்த புதிதில் மடைவாயில் தூரி வைத்து மீன் பிடிப்பது, வரப்பில் நண்டு, நடவு வயலில் நத்தை, குளத்தில் அல்லிக்கிழங்கு, வாய்க்கால் ஓரம் ஆராக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை. எதையும் யாரும் விதைக்கவில்லை, எதற்கும் யாரும் விலை கொடுக்கவில்லை. நிலம் இல்லாத வீடுகளில் ஆடி, ஆவணிப் பஞ்சத்தைக் கடத்தியவை இவைதான் என்றார் அக்கா. பூச்சிமருந்து வந்து நத்தையும் நண்டும் குறைந்தபோது அந்த இழப்பை யாரும் எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை.

அறுவடை முடிந்த வயலில் எலி வளை வெட்டியதையும் அவர் சொன்னார். வயல் எலி கதிரைக் கத்தரித்துக்கொண்டுபோய் வளைக்குள் அடுக்கி வைக்கும். பொறுமையாக வெட்டினால் ஒரு வளையில் இரண்டு படி நெல்கூடக் கிடைக்குமாம், எலியும் கிடைக்கும். மிராசு குடும்பத்தில் பிறந்து, பாதி நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் நண்பர் சிரித்துக்கொண்டே, “அம்மா, அது எங்கள் வயல் நெல்தானே?” என்றார்.

“உங்கள் பத்தாயத்தில் இருந்த வரைக்கும் உங்களுடையதுதான் ஐயா. நாங்கள் எடுத்தது எலி பத்தாயத்திலிருந்து” என்றார் அக்கா.

நண்பர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மாடிப்படி இறங்கும்போது என்னிடம், இந்த வருடம் சம்பாவில் எலித் தொல்லை அதிகம், கிட்டி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன் என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசியிருப்பதாகச் சொன்னார். விழுகிற எலியை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டதற்கு, வேறு யார், கிட்டி வைக்கிறவர்கள்தான் என்றார்.